ஆக்சிலரேட்டர் கேபிள்: எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாத்திடுங்க

பழைய பிக்கப்ல பெடலை விட்ட பிறகும் ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) இறங்கல, கார்புரேட்டர் (காத்தையும் பெட்ரோலையும் கலக்குற பாகம்) பக்கம் கேபிள்ல ரெண்டு இழை பிரிஞ்சு நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. எண்ணெய் விடுற கட்டம் தாண்டிடுச்சுங்க. பிரிஞ்ச இழை உறைக்குள்ள சிக்கினா த்ராட்டில் (இன்ஜினுக்குக் காத்து போற வழியைத் திறந்து மூடுற வால்வு) திறந்தபடியே நின்னுடும். மாத்துற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க.

கழற்றும் முன்னாடி கேபிள் போற பாதையைப் போட்டோ எடுத்துக்குங்க. புதுசைப் பழசோட பக்கத்துல வச்சு உறை, உள்கம்பி ரெண்டோட நீளமும் பாருங்க. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல (இன்ஜின் புகை வெளியேறுற சூடான குழாய்) படாம, கூர்மையா மடங்காம கொண்டு போங்க. நான் ஒரு தடவை வளைவை இறுக்கிட்டு, புதுக் கேபிள் போட்டும் பெடல் ஏன் மிதிக்க இவ்ளோ கனமா இருக்குன்னு அரை நாள் முழிச்சேன்.

கடைசியில இன்ஜினை அணைச்சுட்டு ஒருத்தரைப் பெடல் மிதிக்கச் சொல்லுங்க. பட்டர்ஃப்ளை (த்ராட்டில் உள்ள இருக்கிற தகடு) முழுக்கத் திறக்கணும், விட்டதும் டக்னு மூடணும். கேபிள்ல லேசா தளர்வு விடுங்க. அப்பவும் மெதுவா மூடினா அதை இழுத்து மூடுற ரிட்டர்ன் ஸ்பிரிங்கைப் பாருங்க.