சுவர் கசிந்தால் சித்திரம் எங்கே?

கேள்வி: சுவரோவியம் வரைந்தால் நகரமே மாறிவிடும் என்கிறார்கள். எங்கள் இளைஞர் கழகம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மண்மேட்டைத் தாங்கி நிற்கும் சுவரில் கொழுந்து பறிக்கும் பெண்களையும் நீர்வீழ்ச்சியையும் வரைந்தது. ஒரு மழைக்காலம் தாங்கவில்லை, செதில் செதிலாக உரிந்துவிட்டது. மலையகத்துக்கு இதெல்லாம் சரிவராதா?
– வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: மலையகத்துக்குச் சரிவரும், அந்தச் சுவருக்குத்தான் சரிவராது. மண்மேட்டைத் தாங்கும் சுவரின் முதுகு வருடம் முழுக்க ஈரம். உள்ளேயிருந்து கசியும் நீர் சீமெந்தின் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் காய்ந்ததும் உப்பு பெயின்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்து அதை வெளியே தள்ளுகிறது. பளபளப்புக்காக எனமல் அடித்திருந்தால் இன்னும் மோசம்: ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் போடும். போதாததற்கு, நீர் வடிய விட்டிருக்கும் குழாய்த் துளைகளை ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று சீமெந்து வைத்து அடைப்பவர்களும் உண்டு. பின்னால் நீர் தேங்கினால் போவது பெயின்ட் மட்டுமல்ல, சுவரும்தான். மண்சரிவு எச்சரிக்கை கேட்டே வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

வேறு சுவர் தேடுங்கள். கூரை நீட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் பக்கச் சுவர் நல்லது. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் அந்தச் சுவரும் வேண்டாம். புதிதாகப் பூசிய சுவர் என்றால் 28 நாளாவது காயட்டும்.

காலம் முக்கியம். 2019 ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் தூரிகை எடுத்தார்களே, அது நவம்பர், டிசம்பர். மழையைப் பார்த்து எடுத்த முடிவல்ல. உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. ஆகவே பெப்ரவரி, மார்ச்சில் வரையுங்கள். பதுளை, பண்டாரவளைக்காரர்கள் இதை அப்படியே பின்பற்றினால் ஏமாறுவார்கள்: அவர்களுக்கு வடகீழ்ப் பருவமழை; காய்ந்த மாதங்கள் ஜூன் முதல் ஓகஸ்ட். எங்கே என்றாலும் காலை பத்துக்கு முன்னும் பனிமூட்டம் இறங்கிய பின்னும் தூரிகையைத் தொடாதீர்கள். 10 பாகை செல்சியசுக்குக் கீழே அக்ரிலிக் பெயின்ட் சரியாகப் படலம் கட்டாது; பனி பட்டால் வழியும்.

60 அடி நீளம், 8 அடி உயரச் சுவர் என்றால் ஏறத்தாழ 45 சதுர மீற்றர். பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, வெளுக்கும் திரவத்தை (பிளீச்) நீரில் கலந்து தடவி, கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். வேரோடு சாகாத பாசி பெயின்டைத் துளைத்துக்கொண்டு வரும். சீமெந்தின் காரத்தைத் தாங்கும் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு பூச்சுக்கு 6 லீற்றர், வெளிச்சுவருக்கான வெள்ளை இரண்டு பூச்சுக்கு 12 லீற்றர். நிறங்களுக்கு எல்லாமாக 8 லீற்றர் போதும். காவியும் மஞ்சள் காவியும் வெயிலில் நிற்கும். மின்னும் இளஞ்சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும். அடியில் ஒன்றரை அடிக்குக் கடும் பழுப்புப் பட்டை விடுங்கள், பஸ் தெறிக்கும் சேற்றுக்கு அதுதான் இடம்.

இனி ‘நகரம் மாறுமா’ என்ற கேள்வி. சுவருக்கு முன்னால் நாறும் வடிகானும் குப்பை மேடும் இருந்தால், ஓவியம் அவற்றுக்கு அலங்காரத் திரைதான். கானுக்கு மூடி, ஒரு மின்விளக்கு, நாலு பேர் உட்கார ஒரு சீமெந்துத் திண்ணை. இவை வந்தால்தான் சனம் அங்கே நிற்கும்; சனம் நிற்கும் சுவரில் யாரும் சிறுநீர் கழிக்கமாட்டார்கள். சாமி படம் வேண்டாம், பாவம், அவருக்கு ஏன் அந்தக் காவல் வேலை?

வரைவதையும் யோசியுங்கள். கூடை சுமந்து சிரிக்கும் பெண் தேயிலைப் பெட்டியின் படம், உல்லாசப் பயணிக்கானது. பல தோட்டங்களில் இன்று கூடையே இல்லை, பைதான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு, எந்தத் தோட்டத்துக்கு எந்தப் பாதை என்று மூன்று மொழியிலும் பெரிதாக வரைந்த வரைபடம் ஆயிரம் மடங்கு உபயோகம்.

கடைசியாக, அனுமதி. கட்டடச் சுவருக்கு உரிமையாளரின் எழுத்து வேண்டும். ஏ7 போன்ற பிரதான வீதியோரச் சுவர் என்றால் நகர சபைத் தலைவர் வாய்மொழியாகத் தலையாட்டியது செல்லாது. வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தோடு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழுவித் திருத்தப்போவது யார் என்பதையும் எழுதுங்கள்.