அமெரிக்க விமான நிலையங்களில் உள்ள ‘செல்போன் லாட்’ எனும் காத்திருப்பு வாகன நிறுத்தத்தை எப்படி வடிவமைத்துக் கட்டுகிறார்கள்?

அமெரிக்காவில் சிவில் இன்ஜினியராக இருக்கிறேன். சாலை, வாகன நிறுத்தம், மழைநீர் வடிகால் இதெல்லாம்தான் என் வேலை. அதனால் கட்டுபவர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக: ஊரிலிருந்து வருபவரை அழைத்துப்போக வந்தவர், காரை விட்டுப் போகாமல் இலவசமாகக் காத்திருக்கும் இடம் இது. பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் போன் செய்ததும் வாசலுக்குப் போய் ஏற்றிக்கொள்ளலாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, டெர்மினலிலிருந்து 300 அடிக்குள் ஆளில்லாத வண்டி நிற்கக் கூடாது என்று தடை வந்தது. வாசலில் காத்திருக்கவும் விடவில்லை. வந்தவர்கள் டெர்மினலையே சுற்றிச் சுற்றி வந்தார்கள், இல்லையென்றால் சாலையோரம் ஒதுங்கி நின்றார்கள். அந்த நெரிசலைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு வேகமாகப் பரவியது.

எத்தனை கார் நிற்கும் என்பதைவிட எங்கே அமைக்கிறோம் என்பதுதான் இதில் பெரிய விஷயம். நிர்வாகத்தில் பெரும்பாலும் ஏதோ ஒரு மூலையில் சும்மா கிடக்கிற நிலத்தைக் காட்டுவார்கள். அங்கே போட்டால் யாரும் போக மாட்டார்கள். சாலையோரத்தில் ஒதுங்குவது சுலபமாக இருக்கும்வரை மக்கள் அங்கேதான் நிற்பார்கள், அது ஆபத்தும்கூட. டெர்மினலுக்குப் போகும் பிரதான சாலையிலேயே, வலப்பக்கம் திரும்பி நுழைந்து, மறுபடி வலப்பக்கமே திரும்பி வெளியேறும்படி (இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், எதிரே வருபவர்களைக் குறுக்கிட வேண்டியிருக்காது) இடம் கிடைத்தால் அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். போன் வந்ததிலிருந்து ஐந்து நிமிடத்தில் வாசலை அடைய முடிய வேண்டும்.

அளவுக்கான கணக்கு எளிது. உச்ச நேரத்தில் மணிக்கு 120 கார் வந்து, ஒவ்வொன்றும் சராசரி 20 நிமிடம் நின்றால், எந்த நேரமும் 40 கார் உள்ளே இருக்கும். அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த 20 நிமிடம் உள்நாட்டு விமானத்துக்குத்தான் பொருந்தும். சென்னையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள் என்றால், விமானம் இறங்கிய பிறகு குடிவரவு வரிசை, பெட்டி, சுங்கம் என்று ஒரு மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். உள்ளூர் சிம் இருக்காது, விமான நிலைய வைஃபை கிடைத்த பிறகுதான் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார்கள். அதனால் வெளிநாட்டு விமானங்கள் அதிகம் வரும் இடத்தில் ‘60 நிமிடம் மட்டுமே’ என்று பலகை வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. அங்கே கழிப்பறையும் கட்டாயம் வேண்டும். டென்வரில் விமான நேரப் பலகை, கழிப்பறை, சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் வைத்து ஒரு லாட் கட்டியிருக்கிறார்கள், நல்ல முன்மாதிரி.

கோடு போடுவது மற்ற வாகன நிறுத்தம் மாதிரிதான்: ஒரு காருக்கு 9 அடி அகலம், 18 அடி நீளம். ஒரு வித்தியாசம், இங்கே எல்லோரும் அவசரமாகக் கிளம்புவார்கள். பின்னால் எடுக்காமல் நேராக முன்பக்கமே வெளியேறும்படி அமைத்தால் இடிபடுவது குறையும்.

விமான நிலையத்துக்கே உரிய சிக்கல்கள் இனிமேல்தான். ஓடுபாதைக்குப் பக்கத்தில் விளக்குக் கம்பம் நடுவதானாலும், கட்டும்போது கிரேன் நிறுத்துவதானாலும், மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வுக்கு 7460-1 என்ற படிவத்தில் குறைந்தது 45 நாள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். வெளிச்சம் மேல்நோக்கிச் சிதறி விமானிகளின் கண்ணைக் கூசவிடக் கூடாது.

அப்புறம் தண்ணீர். தார்த் தளத்தில் விழும் மழையைத் தேக்கி மெதுவாக விட ஒரு குட்டை தோண்டுவது வழக்கம். விமான நிலையத்தில் தண்ணீர் நின்றால் வாத்தும் நாரையும் வந்துவிடும், பறவை என்ஜினில் சிக்கினால் உயிர்களுக்கே ஆபத்து. அதனால் மழை ஓய்ந்த 48 மணி நேரத்துக்குள் குட்டை முழுக்க வற்ற வேண்டும் என்பது எஃப்.ஏ.ஏ.வின் வழிகாட்டுதல். களிமண் நிலமாக இருந்தால் இது பெரிய தலைவலி. பூமிக்கடியில் குழாய்களைப் புதைத்துத் தேக்க வேண்டிவரும், செலவு ஏறும். பழம் காய்க்கும் மரங்களையும் நடக் கூடாது. குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும், மிச்சமான உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கடற்காகம் கூட்டமாக வரும். நிழலுக்காக நாலு மரம் வைக்கலாமே என்று யார் கேட்டாலும், இந்தக் காரணத்தை நான் பொறுமையாக விளக்குவேன்.

ஊபர், லிஃப்ட் (Lyft) மாதிரி செயலி வழி வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு இதே இடத்தைக் கொடுக்காதீர்கள். அவர்கள் அடுத்த சவாரிக்காக நெடுநேரம் நிற்பவர்கள், அவர்களுக்கும் கழிப்பறையோடு தனி இடம் கட்டுவதுதான் நியாயம்.

கட்டும் வரிசையில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். ஜல்லித் தளம் போடும்போதே நேரப் பலகை, கேமரா, பின்னாளில் வரக்கூடிய மின்கார் சார்ஜர் எல்லாவற்றுக்கும் பிறகு கேபிள் இழுக்கக் காலிக் குழாய்களைப் புதைத்துவிடுங்கள். தார் போட்ட பிறகு தோண்டினால், ஒட்டுப்போட்ட அந்த இடத்தில்தான் தண்ணீர் இறங்கி முதல் குழி விழும்.