ஜிகர்தண்டா, பலூடாவுக்குத் திறந்த கடை: அளவு, அமைப்பு – கேள்வி பதில்

கேள்வி: சார், மதுரையில் ஒரு காம்ப்ளக்ஸ் முன்னால் 10-க்கு 8 அடி இடம் கிடைத்திருக்கிறது. ஜிகர்தண்டா, ரோஸ் மில்க், பலூடா போடப் போகிறோம். வேலைக்கு இரண்டு பேர். கவுண்டரை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கவுண்டரைக் கடைசியில் பாருங்கள். தண்ணீர் எங்கே வருகிறது, கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். சிங்க் இடம் அதை வைத்துத்தான் அமையும். மற்றதெல்லாம் பிறகு நகர்த்தலாம்.

வேலை மேடை 24 அங்குல அகலம், 36 அங்குல உயரம். டம்ளரை நீட்டும் பலகை 42 அங்குல உயரத்தில், 10 அங்குல அகலத்தில், மேடையின் முன்விளிம்புக்கு மேலேயே நிற்கட்டும். தனியாக வெளியே இழுத்தால் இடம் போய்விடும். பின்பக்கம் டீப் ஃப்ரீசருக்கு 28 அங்குலம் ஒதுக்கினால், 8 அடி ஆழத்தில், அதாவது 96 அங்குலத்தில், நடக்க நடுவில் 44 மிஞ்சும். அதில் கைவைக்காதீர்கள், ஒருவர் ஃப்ரீசருக்குள் குனியும்போது மற்றவர் பின்னால் போயாக வேண்டும். ஃப்ரீசருக்கு மேல் ஷெல்ஃப் அடிக்கவும் வேண்டாம். மூடி பாதியில் இடிக்கும், பிறகு ஷெல்ஃபைக் கழற்ற வேண்டியதுதான்.

கேள்வி: கூட்டம் வந்தால் இரண்டு பேர் கையும் முட்டிக்கொள்கிறது அண்ணா.

பதில்: பொருட்கள் சேரும் வரிசையிலேயே மேடையை அடுக்குங்கள்: டம்ளர், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சிரப், பால், பாசுந்தி, ஐஸ்கிரீம். கை ஒரே திசையில் போகும், திரும்பி வராது. பணம் வாங்குவது இன்னொரு முனையில். காசு தொடுகிறவர் டம்ளரைத் தொட வேண்டாம்.

அதிகம் தாமதமாவது ஐஸ்கிரீமில்தான். மைனஸ் 18 டிகிரியில் அது கல்லாகிவிடும், ஸ்கூப் இறங்காது. இருப்பு பெரிய ஃப்ரீசரில் இருக்கட்டும். அன்றைக்கு எடுக்கும் டப்பாவுக்கு மட்டும் மைனஸ் 12 முதல் 14 வரை வைத்த சின்ன ஃப்ரீசர், வரிசையின் கடைசியில். பால் 5 டிகிரிக்குக் கீழே. ஜாடியை மேடையில் விட்டுவைக்காமல் ஐஸ் நிரப்பிய தொட்டிக்குள் இறக்குங்கள்.

கேள்வி: பேப்பர் கப்தான் கொடுக்கப் போகிறோம். பெரிய சிங்க் தேவையா?

பதில்: தேவை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் உள்ள தடையில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் அடங்கும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் டம்ளரை நம்பியே கடையை வரையுங்கள். தேய்க்க, அலச, கிருமிநாசினியில் முக்க என்று மூன்று தொட்டி. கை கழுவ தனியாக ஒரு சின்ன பேசின்.

சாக்கடை இணைப்பு இல்லாவிட்டால், நல்ல தண்ணீர் 100 லிட்டர் என்றால் கழிவுக்கு 120 லிட்டர் கேன் வையுங்கள். சமமாக வைத்தால், ஐஸ் உருகிய தண்ணீரும் சேர்ந்து கடைசி நேரத்தில் வழியும். கழிவுக் குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலச் சரிவு. சிங்க்கில் தண்ணீர் இறங்கும் ஓட்டையில் மெல்லிய ஜாலி (சல்லடை) கட்டாயம்: பிசின் துணுக்கும் சப்ஜாவும் சேமியாவும் வளைவில் தங்கி, மேலும் ஊதி, பால் கொழுப்போடு சேர்ந்து அடைத்துவிடும். ஜாலியைத் தட்ட வேண்டியது குப்பைக் கூடையில்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறது. லோடு அதிகமா?

பதில்: இரண்டு ஃப்ரீசர், விசி கூலர் (கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ்), மிக்ஸி, லைட் எல்லாம் ஓடினாலும் சுமார் 2,000 வாட், அதாவது 9 ஆம்பியர்தான் வரும். பிரச்சினை ஓடும்போது இல்லை, கிளம்பும்போது. கரண்ட் திரும்பியதும் எல்லா கம்ப்ரசரும் ஒரே நொடியில் பலமடங்கு இழுக்கின்றன. டைம் டிலே உள்ள, அதாவது கொஞ்சம் தாமதித்துக் கரண்ட் விடும் ஸ்டெபிலைசர் போட்டு ஒவ்வொன்றாகக் கிளம்ப விடுங்கள். ஒவ்வொரு ஃப்ரீசருக்கும் 2.5 சதுர மி.மீ. வயரில் தனி லைன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃப்ரீசர் கூடவே கூடாது. ஈரத்தரையில் நிற்கிறவர்கள் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) எர்த்தும் இல்லாமல் கடையைத் திறக்காதீர்கள். சாக்கெட் மேடைக்கு மேலே இருக்கட்டும், தரையோரம் வேண்டாம்.

கேள்வி: மேடைக்கு என்ன மெட்டீரியல்?

பதில்: 40-க்கு 40 மி.மீ. இரும்பு டியூப் சட்டம், ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன்) பிளைவுட், மேலே 304 கிரேடு எவர்சில்வர் ஷீட். 202 கிரேடு விலை குறைவு, ஆனால் எலுமிச்சையும் உப்பும் படும் இடத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். கீழே 6 அங்குலக் கால் விடுங்கள், துடைப்பம் உள்ளே போகட்டும்.

கேள்வி: நாலு பக்கமும் திறந்திருக்கிறதே, ஈ வராதா?

பதில்: வரும். சிரப், பிசின், பாசுந்தி எல்லாம் மூடி போட்ட பாத்திரத்தில், கரண்டி மூடிக்குள்ளேயே. முன்னால் கண்ணாடித் தடுப்பு. ஃபேனை உள்ளிருந்து வெளியே வீசுகிற மாதிரித் திருப்புங்கள். தெருப்பக்கமிருந்து வீசினால் தூசி பாலில்தான் இறங்கும். ஈ பிடிக்கும் நீல லைட்டை உணவுக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். குப்பைக் கூடைக்குக் காலால் மிதித்துத் திறக்கும் மூடி, அதுவும் சிங்க் பக்கம்.