வாசகர் கேள்வி–பதில்: பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலா

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியின் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரியில் ஒரு நாள் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லவிருக்கிறோம். மாமல்லபுரம், முதலைப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிடலாம் என்கிறார் வேன் ஓட்டுநர். இது சரிப்படுமா?
– ஓர் ஆசிரியை, காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: சரிப்படாது. வண்டலூர்ப் பூங்கா மட்டுமே ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்புடையது. பத்து வயதுப் பிள்ளை அதில் பாதியைச் சுற்றுவதற்குள் களைத்துவிடும். ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே அரை நாளாவது நிதானமாகப் பார்க்கச் செய்யுங்கள்.

ஜனவரி என்பதால், மதுராந்தகத்தை அடுத்துள்ள வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தைப் பரிந்துரைக்கிறேன். மழை பொய்க்காத ஆண்டுகளில், ஏரியில் நீரும் மரங்களில் கூடுகளும் நிறைந்திருக்கும் பருவம் அது. புறப்படுமுன் பறவைகள் வந்துள்ளனவா என்று வனத்துறையினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே போனதும் பெயர்ப் பட்டியலை ஒப்பிக்காமல், பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். குழுவுக்கு ஒரு பறவையை ஒப்படைத்து, அதன் அலகை வரையச் சொல்லி, ‘இந்த அலகை வைத்துக்கொண்டு இது எப்படி இரை பிடிக்கும்?’ என்று மட்டும் கேளுங்கள். நத்தைகுத்தி நாரையின் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. நத்தையின் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க அந்த அலகு உதவுகிறது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீருக்குள் இப்படியும் அப்படியும் வீசித் துழாவுகிறது. கூழைக்கடா தாடைப் பையால் மீனை நீரோடு சேர்த்து அள்ளுகிறது. பாம்புத்தாராவோ ஈட்டி போன்ற அலகால் மீனைக் குத்திவிடுகிறது. விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பிள்ளை தவறாக ஊகித்தாலும், அந்த ஊகத்துக்காக அது பறவையை உற்றுப் பார்த்திருக்கும் அல்லவா, அதற்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம்.

மதிய உணவுக்குப் பின் அந்த ஊரின் கதையைச் சொல்லுங்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார், அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். 1790களில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் அதற்கான உரிமையை எழுத்திலேயே பெற்றார்கள். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட அங்கே பட்டாசு வெடிப்பதில்லை. 2022இல் இவ்வேரி, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இரை தேடிப் போன பறவைகள் மாலை நான்கு மணிக்கு மேல் கூட்டங்கூட்டமாகத் திரும்பும். அதைப் பார்க்காமல் வேனில் ஏறிவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளைப் பள்ளியிலிருந்து புளியஞ்சோலைக்கு அழைத்துச் செல்கிறார்கள். அனுப்பலாமா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: புளியஞ்சோலை கொல்லிமலை அடிவாரத்து ஆற்றங்கரை என்பதால், பிள்ளைகளை ஆற்றில் இறக்குவார்களா என்று முதலில் கேளுங்கள். ‘ஓரமாகக் குளிக்க விடுவோம்’ என்று சொன்னால் அனுப்ப வேண்டாம். கொல்லிமலையில் மழை பெய்தால், அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே நீர் திடீரெனப் பெருகக்கூடும். ஏழு வயதுக் குழந்தையால் வழுக்குப் பாறையில் நிலைகொள்ள முடியாது. நீரில் இறக்குவதில்லை என்று உறுதி சொன்னாலும், ஒரு பெரியவரின் பொறுப்பில் எத்தனை குழந்தைகள், வழியில் எங்கே கழிப்பறை என்பவற்றையும் கேட்டறியுங்கள். என் கணக்கில் ஒருவருக்கு ஆறு குழந்தைகளுக்கு மேல் கூடாது.

இடத்தை மாற்றப் பள்ளி இசைந்தால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைச் சொல்லிப் பாருங்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு என அடுத்தடுத்த பருவங்களைச் செடியிலேயே தேடிப் பார்க்க வாய்ப்புண்டு, பயணமும் குறைவு. இதே எண்ணமுள்ள பெற்றோர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.