எந்தப் போர்முறைக்கு எந்தக் கவசம்? – ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: சுஷிமா தீவுக்குள் புகுந்த மங்கோலியரை எதிர்க்கும் சாமுராய் வீரனாக ஆடும் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ என்ற வீடியோ விளையாட்டை வாங்க விரும்புகிறேன். சாதாரணப் பதிப்பு, டிஜிட்டல் டீலக்ஸ், டைரக்டர்ஸ் கட் என்று பல பெயர்களைப் பார்க்கிறேன். கூடுதல் விலை கொடுத்தால்தான் சிறந்த கவசங்கள் கிடைக்குமா?

பதில்: அப்படி இல்லை. இதைத் தெரிந்துகொண்டாலே வீண் செலவில் பாதி குறையும். போரில் பயன் தரும் கவசத் தொகுப்புகள் அனைத்தும் கதையை விளையாடும்போதே கைக்கு வருபவை. எதையும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 2020 ஜூலையில் பிளேஸ்டேஷன் 4-க்கு வெளியானபோது வந்த டீலக்ஸ் பதிப்பில் ஆட்டத்துக்குள் கூடுதலாகக் கிடைத்தவை, முகமூடி, வாளின் அலங்காரம், குதிரை, சேணம் போன்ற தோற்றப் பொருள்களும், கவசத்தோடு அணிந்தால் ஆற்றல் கூட்டும் ஒரு தாயத்தும், புதிய திறனைப் பெற உதவும் ஒரு திறன் புள்ளியும்தான். இவற்றுக்காகப் பணம் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டைரக்டர்ஸ் கட் பதிப்பின் நிலை வேறு. 2021 ஆகஸ்டில் வெளியான அப்பதிப்பில் இக்கித் தீவு என்ற புதிய நிலப்பகுதியும், அங்கு மட்டுமே கிடைக்கும் சருகாமி கவசமும் உண்டு. பிறர் பயன்படுத்திய பழைய பிளேஸ்டேஷன் 4 வட்டு மலிவாகக் கிடைத்தால், அதில் இக்கித் தீவு இருக்காது என்பதை நினைவில் கொண்டு அட்டையைப் பார்த்து வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 4 வட்டு, வட்டு இயக்கி உள்ள பிளேஸ்டேஷன் 5-இல் இயங்கும். பிளேஸ்டேஷன் 5 வட்டு பழைய கருவியில் இயங்காது.

கேள்வி: நான் ஒளிந்து தாக்குவதை விரும்பாதவன், எதிரிக்கு முன்னால் நின்று வாளால்தான் போரிடுவேன். சக்காய், கோசாகு, கென்செய் என்ற மூன்று கவசங்களையும் நண்பர்கள் ஆளுக்கு ஒன்றாகப் புகழ்கிறார்கள். கவசத்தை மேம்படுத்தச் செலவாகும் பட்டுத் துணி அரிதாகவே கிடைப்பதால், எதை மேம்படுத்துவது என்று சொல்லுங்கள்.

பதில்: மூன்றும் வாள் போருக்கு உரியவைதான் என்றாலும், வாளை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்றும் வெவ்வேறு ஆட்களுக்குப் பொருந்துகின்றன.

சக்காய் குலக் கவசம் நேரடிச் சேதத்தைக் கூட்டுகிறது. அதைவிட முக்கியமாக, மங்கோலியர் கூட்டத்தைக் கூவி அழைத்து ஒற்றை வீச்சில் வீழ்த்தும் ‘ஸ்டாண்ட்ஆஃப்’ மோதலில் தொடர்ந்து வெட்டக்கூடிய எதிரிகளின் எண்ணிக்கையை உயர்த்துகிறது. அதைக் கண்ட மற்றவர்கள் அஞ்சி நடுங்கும் வாய்ப்பும் உண்டு. எதிரி கை ஓங்கும் கணத்தைச் சரியாகக் கணித்து, அழுத்திய பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால், பெரும்பாலான சண்டைகள் தொடங்கும்போதே பாதி முடிந்திருக்கும். அந்தப் பழக்கம் இன்னும் கைவரவில்லை என்றால், இந்தக் கவசத்தின் பெருமையில் பெரும் பகுதி உங்களுக்குப் பயன்படாது.

கோசாகு கவசம் நிதானமாக, அடி வாங்கியும் அடி கொடுத்தும் போரிடுபவர்களுக்கு உரியது. உடல் வலுவை மிகவும் உயர்த்துவதோடு, எதிரியை நிலைகுலையச் செய்யும் ஆற்றலையும் கூட்டுகிறது. நிலைகுலைந்தவனைக் கொன்றால் இழந்த உடல்நலத்தில் ஒரு பகுதி திரும்புகிறது. வாளேந்தியவர்களுக்குக் கல் நிலை, கேடயக்காரர்களுக்கு நீர் நிலை, ஈட்டிக்காரர்களுக்குக் காற்று நிலை, பருத்த உடல் கொண்டவர்களுக்கு நிலவு நிலை என்று எதிரியைப் பார்த்தவுடன் வாள்வீச்சு முறையை (‘நிலை’) மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமான கவசம் இல்லை என்பதே என் கருத்து. இந்த விளையாட்டில் காயத்தை ஆற்றச் செலவாகும் ‘ரிசால்வ்’ என்ற மன உறுதிதான் சிறப்புத் தாக்குதல்களுக்கும் செலவாகிறது. கோசாகு கவசம் கொலைகளின் வழியாகவே காயத்தை ஆற்றிவிடுவதால், மிச்சமாகும் மன உறுதியைத் தாக்குதலுக்கு ஒதுக்க முடிகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். தீவின் இரண்டாம் பகுதியான டொயோடாமாவில் மங்கோலியர் வசமுள்ள ஆறு சாவிகளைச் சேர்த்தால்தான் கிடைக்கும் என்பதால், அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

கென்செய் கவசம் வாளோடு, எறியும் குனாய்க் கத்திகளையும் வெடிகளையும் கலந்து பயன்படுத்துபவர்களுக்கானது. அத்தகைய ஆயுதம் பட்ட எதிரி பலவீனமாகத் தாக்குவான். நம் அடியை அதிகமாக வாங்குவான். குனாய் எறிந்து, அது பட்டவனை உடனே வாளால் வெட்டும் கைவேகம் உள்ளவரிடம் இது மிகக் கொடிய கவசம். ‘கோஜிரோவின் ஆறு வாள்கள்’ என்ற கதையில் வாள்வீரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தனிச்சண்டையில் வென்றால் இது கிடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். தனிச்சண்டைகளில் குனாய், வெடி, வில் எதையும் பயன்படுத்த முடியாது. ஆகவே அங்கு கென்செய் கவசத்தின் பாதிப் பயன் இல்லாமற்போகிறது. மன உறுதியை விரைவாக நிரப்பும் தன்மை மட்டும் உதவும். தனிச்சண்டைகளில் திரும்பத் திரும்பத் தோற்பவர்கள் அங்கு மட்டுமாவது கோசாகு கவசத்துக்கு மாறிப் பாருங்கள்.

பட்டைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: முதல் பகுதியான இசுஹாராவில் கிடைக்கும் சாமுராய் குலக் கவசத்தைக் கடைசிப் படிவரை மேம்படுத்தாதீர்கள். தொடக்கத்தில் அது நன்றாகவே காக்கும். ஆனால் மேலே சொன்ன மூன்றும் கதையின் இரண்டாம் பகுதியில்தான் கைக்கு வருகின்றன. அப்போது பட்டு இல்லாமல் நிற்க நேர்ந்தால் மிகவும் வருத்தமாக இருக்கும்.

கேள்வி: வில்லும் மறைந்து தாக்குவதுமே எனக்குப் பிடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கவசம் போதுமா?

பதில்: ஒன்று போதாது, இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். வில்லுக்குத் தடயோரியின் உடை. ஊதா நிறப் பூக்களைப் பின்தொடரும் கதையின் முடிவில், முதல் பகுதியிலேயே கிடைத்துவிடும். அம்பு தொடுக்கும் வேகம் கூடும். காலத்தை மெதுவாக்கிக் குறிபார்க்கும் நேரம் நீளும். தலையில் அடித்தால் அந்த நேரத்தில் ஒரு பகுதி மீண்டும் நிரம்பும். எனவே குறி தவறாதவர்கள் ஒரு முகாமையே தொலைவிலிருந்து காலி செய்யலாம். இது சாமுராய்த் தன்மைக்கு ஒவ்வாதது என்று சிலர் தயங்குகிறார்கள். 1274-இல் மங்கோலியர் சுஷிமாவில் இறங்கிய காலத்தில் சாமுராய்கள் முதன்மையாகக் குதிரையேறிய வில்லாளிகளாகவே இருந்தார்கள் என்பதால், அந்தத் தயக்கம் தேவையில்லை. விளையாட்டில் காணும் கவசங்களின் வடிவம்தான் பெரும்பாலும் பிற்கால நூற்றாண்டுகளைச் சேர்ந்தது.

மறைந்து செல்ல, தொடக்கத்தில் ரோனின் (தலைவன் இல்லாத சாமுராய்) உடையும் பிற்பகுதியில் கோஸ்ட் கவசமும் உதவும். கோஸ்ட் கவசம் எதிரிகள் நம்மைக் கண்டுகொள்ளும் வேகத்தைக் குறைக்கிறது. ஒருவனைக் கொல்லும்போது அருகிலிருப்பவர்கள் அஞ்சி நிலைகுலையவும் வாய்ப்பளிக்கிறது. கதை உங்களை அடைய வைக்கும் கவசம் என்பதால், தேடி அலைய வேண்டியதில்லை.

கவசத்தை அடிக்கடி மாற்றுவது தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2020 அக்டோபரில் வந்த இலவசப் புதுப்பிப்புக்குப் பிறகு, ஒவ்வொரு கவசத்தோடும் அதற்குரிய தாயத்துகளைச் சேர்த்தே சேமித்து வைக்க முடிகிறது. ஊர் சுற்றும்போது பயணியின் உடையை அணிந்தால், வரைபடத்தின் மூடுபனி அதிகப் பரப்பில் விலகும். புதையல் பொருள்கள் இருக்கும் திசையைக் காற்று காட்டும். அதற்குப் பட்டு செலவிட வேண்டாம்.

கேள்வி: கடினமான ‘லீத்தல்’ நிலையில் ஆட விரும்புகிறேன். அதிக உடல்நலம் தரும் கவசம்தானே சரியான தேர்வு?

பதில்: அவசியமில்லை. அந்த நிலையில் எதிரியின் வாள் உங்களையும், உங்கள் வாள் எதிரியையும் மிக விரைவாகக் கொல்கின்றன. இரண்டு மூன்று அடிகளில் உயிர் போகும் இடத்தில் கூடுதல் உடல்நலத்தின் மதிப்பு குறைகிறது. முதலில் வெட்டுவதற்கும் அடியே வாங்காமலிருப்பதற்கும் மதிப்பு கூடுகிறது. சக்காய் கவசமே அங்கு என் முதல் தேர்வு.

கேள்வி: சருகாமி கவசத்துக்காக டைரக்டர்ஸ் கட் பதிப்புக்கு மாறலாமா?

பதில்: அந்தக் கவசத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். அதை அணிந்தால் சாதாரணமாகத் தடுப்பது இயலாமற்போகும். சரியான கணத்தில் செய்யும் தடுப்பும் விலகலும் மட்டுமே பலிக்கும். பலித்தால் அதன் எதிரடி பலரைச் சாய்க்கும் என்பது உண்மை. தடுப்பதற்கான நேர இடைவெளியை நீட்டும் மிசு-நோ-காமி தாயத்தையும் சேர்த்துக்கொண்டால் பழகலாம். எனினும், முதன்முறை ஆடி முடித்தவர்கள் கூடுதல் சவால் வேண்டித் தேடும் கவசம் இது. இக்கித் தீவின் கதைக்காகப் பதிப்பை மாற்றுங்கள். விளையாட்டின் நாயகன் ஜின் சக்காயின் தந்தையைப் பற்றிய அந்தக் கதை மிக நன்றாக அமைந்திருக்கிறது.

கேள்வி: இந்தக் கவசங்களை அணிந்து நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியுமா?

பதில்: முடியாது. ‘லெஜண்ட்ஸ்’ என்ற கூட்டு விளையாட்டில் சாமுராய், வேட்டையாளர், ரோனின், கொலையாளி என்ற நான்கு பிரிவுகளுக்கும் கருவிகள் தனியே உண்டு. அதற்குக் கூடுதல் விலை இல்லை. ஆனால் பிளேஸ்டேஷனில் இணையத்தில் ஆட ‘பிளேஸ்டேஷன் பிளஸ்’ சந்தா தேவைப்படும்.

கேள்வி: கணினிக்கு வாங்குகிறேன். எனக்குப் பொருந்தாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கணினிப் பதிப்பு 2024 மே மாதம் வெளியானது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால், 14 நாள்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்கும் குறைவாக இருக்கும்போது பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள் அவகாசம் உண்டு. ஆனால் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால் அந்த உரிமை பொதுவாகப் போய்விடும்.

கணினியில் தனியாக ஆட, சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் கணக்கு வேண்டியதில்லை. லெஜண்ட்ஸ் ஆட மட்டும் வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டால், அந்தச் சேவை இல்லாத பல நாடுகளில் வெளியீட்டின்போது ஸ்டீமில் விற்பனை நிறுத்தப்பட்டது. இலங்கையிலும் அந்தச் சேவை இல்லாததால், அங்கிருந்து வாங்க நினைப்பவர்கள் தங்கள் நாட்டுக் கடைப் பக்கத்தில் விளையாட்டு விற்பனைக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் செலுத்த வேண்டும். வேறு நாட்டுக்கான, விளையாட்டைத் திறக்கும் குறியீட்டெண்களை இடைத்தரகர்களிடம் வாங்கினால், அவை இயங்காதபோது முறையிட இடமிருக்காது.

திரும்பத் தரும் அந்த 2 மணி நேரத்துக்குள், சக்காய், கோசாகு, கென்செய் கவசங்களில் ஒன்றுகூட உங்கள் கைக்கு வராது. ஆகவே அந்த நேரத்தை, சுமார் 75 ஜிபி இடம் கேட்கும் இந்த விளையாட்டு உங்கள் கணினியில் தடங்கலின்றி ஓடுகிறதா, விசைப்பலகையில் ஆடுவது வசதியாக இருக்கிறதா, கைக்கட்டுப்பாட்டுக் கருவி தேவைப்படுமா என்பவற்றைச் சோதிக்கப் பயன்படுத்துங்கள்.