ஆவுளியா: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தொண்டியில் இரண்டு நாள் தங்கினோம். பாக் விரிகுடாவில் கடல்பசு இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போனோம். படகு பிடித்து உள்ளே போயும் ஒன்றும் தட்டுப்படவில்லை. கரையில் காக்காயும் சேறும் காய்ந்த புல் குப்பையும்தான். "அந்த தாத்தா ஏமாத்திட்டார்" என்கிறான் சின்னவன். எங்கே, எப்போது போனால் பார்க்கலாம்?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

சின்னவனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். 'இருக்கிறது' என்றுதான் எழுதினேன், 'தெரியும்' என்று எழுதவில்லை. ஆனால் அவனிடம் இந்த வக்கீல் பேச்சு எடுபடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாக அந்தக் கரைக்குப் போகிறேன், உயிரோடு ஒரு கடல்பசுவை நானும் பார்த்ததில்லை. ஒருமுறை படகுக்காரர் "அந்தா, ஆவுளியா!" என்று கத்தினார். கடல்பசுவை மீனவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் தண்ணீர் மூடிவிட்டது.

அதன் சுபாவம் அப்படி. மீன் இல்லை, பாலூட்டி. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சு வாங்கும், உடனே அடியில் போய் மேயும். மோட்டார் சத்தம் கேட்டால் அந்தப் பக்கமே இருக்காது. அதனால் படகில் விரட்டிப் போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது, நாம் போய்ப் பார்ப்பதற்காக அல்ல.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் 'காய்ந்த புல் குப்பை'தான். நாடா மாதிரி நீளமாக, கறுத்துப்போய்க் கரையோரம் குவிந்து கிடந்ததா? அது கடற்புல். மீனவர்கள் தாழை என்பார்கள். வளர்ந்த கடல்பசு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ தின்பது அதைத்தான். பாசி இல்லை, பூத்துக் காய்க்கிற செடி, தண்ணீருக்கடியிலேயே பூக்கும். வெயில் அடிவரை இறங்குகிற ஆழமில்லாத கடல் என்பதால் அங்கே மண்டிக் கிடக்கிறது. பேராமை வருவதும் அதை மேயத்தான். அதாவது ஆவுளியாவின் சாப்பாட்டை மிதித்துக்கொண்டு நின்றுதான் 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

சேறு விஷயமும் அப்படித்தான். நம் செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கடற்கரை என்றால் அலையும் வெள்ளை மணலும் இருக்க வேண்டும். தொண்டியில் அலை கிடையாது. ஆனால் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் அந்தச் சேற்றில்தான் நண்டும் புழுவும். அதைக் குத்தித் தின்ன உள்ளான் பறவைகள் வடக்கேயிருந்து வந்து இறங்குகிற நேரம் உங்கள் காலாண்டு விடுமுறை. நீங்கள் பதினோரு மணி வெயிலில் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த தடவை விடியற்காலையில், வற்றம், அதாவது கடல் தண்ணீர் இறங்கும் நேரம், எப்போது என்று மீனவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். படகுக் காசை மிச்சம் பிடித்து ஒரு பைனாகுலர் வாங்கிக்கொடுங்கள். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஆலாப் பறவை தலைகீழாக விழுந்து மீன் எடுப்பதைச் சின்னவன் எண்ணட்டும். படகில் போயே ஆக வேண்டும் என்றால் தெற்கே காரங்காடு இருக்கிறது, அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கூட்டிப் போகிறார்கள்.

கரையில் தாழை கிடந்தால் ஒரு கொத்து எடுத்து அவன் கையில் கொடுத்து, இது யாருடைய சோறு என்று கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.