எடுத்தவுடன் 9 வேண்டாம்

கேள்வி: ஆத்தங்குடி ஓடு விற்கும் கடையின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ்தான். புரோகிராம் மாட்டிக்கொண்டால் உடனே ‘கில் 9’ அடிக்கிறேன், சரியா? சிக்னல்களைக் குறிப்பேட்டில் எப்படி எழுதி வைப்பது?
– வாசகி, காரைக்குடி

பதில்: சரியில்லை சகோதரி. சிக்னல் என்பது ஓடும் புரோகிராமுக்குப் போகும் எண்ணிட்ட செய்தி. 9, அதாவது உடனே கொல்லும் சிக்கில் (SIGKILL), எந்தப் புரோகிராமாலும் தடுக்க முடியாதது, பாதி எழுதிய பில் பாதியிலேயே நின்றுபோகும். முதலில் 15, அதாவது ‘முடித்துக்கொள்’ என்று கேட்கும் சிக்டெர்ம் (SIGTERM) அனுப்பிக் கொஞ்சம் பொறுங்கள், ஒழுங்காக எழுதிய புரோகிராம் கோப்புகளை மூடிவிட்டுத் தானே வெளியேறும், அப்புறமும் அசையாவிட்டால்தான் 9. குறிப்பேட்டில் எண்ணை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். புரோகிராம் எழுதுபவர் விருப்பத்துக்கு விட்ட சிக்யூசர்1 (SIGUSR1) சாதாரண லினக்ஸ் கணினியில் 10, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தில் 30, அங்கே 10 அடித்தால் போவது நினைவகப் பிழையைச் சொல்லும் சிக்பஸ் (SIGBUS)! பெயரை எழுதி, அது வந்தால் உங்கள் புரோகிராம் என்ன செய்யும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். உதாரணமாக, முனையத் தொடர்பு அறுந்ததைச் சொல்லும் சிக்ஹப் (SIGHUP) வந்தால் பல சர்வர் புரோகிராம்கள் அமைப்புக் கோப்பை மறுபடி படிக்கும், அதைக் கையாளாத புரோகிராம் அத்தோடு முடிந்துவிடும்.